வீட்டில் தறி இருக்கா?

“யக்கா, இன்டர்வியூவுக்கு இன்னாக்கா கட்டிக்கினு போறது?”

போன மாதம் பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டில் வைத்து என்னைக் கேட்டவள் எம்.ஏ. தமிழ் முடித்த பெண். எங்கள் சேரிக்கு அடுத்த சேரி. முனைவர் பட்ட ஆய்வுக்குச் சென்னையில் விண்ணப்பித்திருந்தாள். எழுத்துத் தேர்வில் தேறி நேர்முகத்துக்குக் கடிதம் வந்திருந்தது. ஆய்வுத் தலைப்பைப் பற்றிக் கேட்பாள், என்னென்ன புத்தகம் படிக்கணும் என்று கேட்பாள் என்று நான் காத்திருக்க, அவள் துணியைப் பற்றிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. “எதையாவது கட்டிக்கினு போடி. நீ பேசப் போறதுதான் முக்கியம்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். திருத்தணி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. அவளிடம் நான் சொன்னது பொய். அது பொய் என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறேன்.

2012இல் நான் எம்.ஃபில். நேர்முகத்துக்குப் போனேன். (அந்தப் படிப்பையே இப்போது எடுத்துவிட்டார்கள்.) எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை, எங்கே போனாலும் அதே அறைதான். விடுதித் தோழியிடம் கஞ்சி போட்ட காட்டன் சேலை ஒன்றை இரவல் வாங்கினேன். என்னிடம் இருந்த ஒரே நல்ல சேலை ஜிகினா வைத்தது, அதைக் கட்டிப் போனால் கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி இருக்கும் என்று தோழியே சொன்னாள். அவள் சொன்னது அன்புதான். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையில் எங்கள் அம்மா ஆசையாக எடுத்துக் கொடுத்த சேலை அசிங்கமாகிப் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது.

உள்ளே ஐந்து பேர். ‘எந்த ஊரும்மா?’ என்றார் நடுவில் இருந்தவர். பள்ளிப்பட்டு என்றேன். ‘அட, நெசவு ஊராச்சே! வீட்ல தறி இருக்கா?’

எங்கள் பக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி என்ன என்று புரியும். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை, அம்மையார்குப்பம் என்று அந்தப் பகுதி முழுக்கத் தறிச்சத்தம்தான். 1960 வரைக்கும் சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திராவில் இருந்து, அப்புறம் தமிழ்நாட்டுக்கு வந்த எல்லைப் பகுதி. தெலுங்கும் தமிழும் கலந்த ஊர். தறி வைத்திருப்பவர் யார், அந்தத் தறியில் கூலிக்கு நிற்பவர் யார், கரும்பு வெட்டப் போகிறவர் யார் என்பதெல்லாம் தெருவைச் சொன்னாலே தெரிந்துவிடும். தறி இருக்கா என்று கேட்டால் சாதி கேட்டதாகாது. ஆனால் பதில் சொன்னால் சாதி சொன்னதாகும். ‘இல்லீங்க’ என்றேன். ‘அப்ப அப்பா?’ ‘கூலி வேலைங்க.’ அவர் என் சேலையை ஒருமுறை பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பிச் சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘பாத்தா தெரியல, இல்ல?’

என் ஆய்வுத் தலைப்பைப் பற்றி அதற்குப் பிறகு கேட்ட கேள்விகள் இரண்டு. இரண்டுக்கும் பதில் சொன்னேன். இடம் கிடைக்கவில்லை. இடம் கிடைக்காததற்கு அதுதான் காரணம் என்று நான் நிரூபிக்க முடியாது. நேர்முகம் என்பதன் சௌகரியமே அதுதானே? எழுத்துத் தேர்வில் தாள் மிஞ்சும், திருத்தம் கேட்கலாம். நேர்முகத்தில் எதுவும் மிஞ்சாது.

அன்றைக்கு அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சமாதானத்தை உடைத்தது ஒரு புத்தகம்.

அம்பேத்கர் எழுதி, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1990இல் சிறு நூலாக வந்த தன்வரலாற்றுக் குறிப்புகள், ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’. அதன் முதல் சம்பவம் 1901இல் நடக்கிறது. வேலை பார்க்கும் ஊரில் இருக்கும் அப்பாவைப் பார்க்கப் பிள்ளைகள் சதாராவிலிருந்து ரயிலில் புறப்படுகிறார்கள். பயணத்துக்கென்றே புதுத்துணி. இங்கிலீஷ் சட்டை, ஜிகினா வைத்த தொப்பி, புது ஷூ, பட்டுக்கரை வேட்டி. மசூர் ஸ்டேஷனில் இறங்கி, அழைத்துப் போக யாரும் வராமல் தவித்து நிற்கிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து பரிவோடு விசாரிக்கிறார். துணியைப் பார்த்தும் பேச்சைக் கேட்டும் பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்கிறார். யார் நீங்கள் என்று கேட்கிறார். மகர் என்று குழந்தை சொல்லிவிடுகிறது. அவர் முகம் மாறுகிறது, அறைக்குத் திரும்பிப் போய்விடுகிறார். அதற்கப்புறம் எந்த வண்டிக்காரனும் ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, மாட்டு வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரன் கூடவே நடந்து வருகிறான்.

இந்தப் பகுதியை நாம் கூட்டங்களில் எத்தனை தடவை பேசியிருப்போம்! தண்ணீர் கிடைக்காததைப் பேசுவோம், இரட்டைக் கூலியைப் பேசுவோம். அந்தப் புதுத்துணியை யாரும் பேசியதில்லை. ஆனால் அம்பேத்கர் அதை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியிருக்கிறார். சட்டை, தொப்பி, ஷூ, வேட்டி. சும்மா அலங்காரத்துக்கு எழுதுகிற ஆள் இல்லை அவர். அந்தத் துணி பிள்ளைகளை எவ்வளவு தூரம் கொண்டுபோனது, எந்த இடத்தில் கைவிட்டது என்று அளந்து காட்டுகிறார். ஸ்டேஷன் மாஸ்டர் பக்கத்தில் வரும் வரைக்கும் துணி வேலை செய்தது. ‘யார் நீங்க?’ என்ற கேள்விக்கு முன்னால் அது ஒன்றும் செய்யவில்லை. எனக்கு ‘வீட்ல தறி இருக்கா?’ 111 வருஷ இடைவெளி. அவருக்கு ஸ்டேஷன் மாஸ்டர், எனக்குப் பேராசிரியர்.

நம் விமர்சனத்தின் மேல் எனக்கிருக்கும் குறை இதுதான். தலித் தன்வரலாறுகளில் பசியை வாசித்தோம், அடியை வாசித்தோம், மொழியை வாசித்தோம். துணியை வாசிக்கவில்லை. 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ மேல் எழுதப்பட்டவற்றை அடுக்கினால் ஆள் உயரம் வரும். பேச்சுமொழி இலக்கியமாகுமா என்று ஒரு கூட்டம், கன்னியர் மடத்தைப் பற்றி எழுதலாமா என்று ஒரு கூட்டம். அந்தக் குளியலறையை எத்தனை பேர் தொட்டார்கள்? கல்லூரிப் படிப்பு முடிகிற நேரத்தில் விருந்து. எல்லோரும் பட்டுச்சேலை கட்டி வருவார்கள், இவரிடம் இல்லை. விருந்து முடியும் வரை குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறார். யாரும் அவரை அங்கே அடைக்கவில்லை. தானே தாழ் போடுகிறார். அந்தத் தாழ்ப்பாளை இன்னமும் எத்தனை பிள்ளைகள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் விண்ணப்பம் போட்டு, கடிதமும் வந்து, நேர்முகத்துக்குப் போகாமலே இருந்துவிட்ட இரண்டு பேர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கேட்டால் ‘ஜொரம்’ என்பார்கள்.

ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூத்தன்’ நூலில் வேறொன்று வருகிறது. பள்ளியில் சீருடையைத் தேய்த்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். துணிவெளுப்பவர் வீட்டுக்கு எடுத்துப் போகிறான் பையன். உங்கள் சாதித் துணியை நாங்கள் தேய்த்தால் ஊர்க்காரர்கள் எங்களிடம் துணி போடமாட்டார்கள் என்று விரட்டிவிடுகிறார். துணி கையில் இருக்கிறது, காசும் இருக்கிறது, ஆனாலும் மடிப்புக் கலையாத சட்டை அவனுக்குக் கிடையாது. ‘தேய்த்த சட்டை’ என்று வழிகாட்டி எழுதுகிறவர்களுக்கு அது ஒரு நிமிஷ வேலை. எங்கள் அம்மா பித்தளைச் சொம்பில் கங்கு போட்டுத்தான் என் பள்ளிக்கூடத் துணியைத் தேய்ப்பாள். அடியில் கரி ஒட்டாமல் இருக்க ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துத் தேய்ப்பாள். பிறகு தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பேன்.

சீருடை என்றதும் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. 1985இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் இலவசச் சீருடை வந்தது. நல்ல திட்டம், குறை சொல்வதற்கில்லை. அது இல்லாவிட்டால் நான் பள்ளிக்கூடமே போயிருக்கமாட்டேன். வாரத்தில் ஐந்து நாள் எல்லாப் பிள்ளையும் ஒரே நிறம். ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அதே சீருடையைப் போட்டு வருகிற பிள்ளை எந்தத் தெரு என்று யாரும் கேட்கவேண்டியதே இல்லை.

இனி, வழிகாட்டிகளுக்கு வருவோம். மேற்படிப்பு, வேலைவாய்ப்பு என்று எந்தத் துண்டறிக்கையை எடுத்தாலும் ‘கண்ணியமான உடை அணிந்து செல்லவேண்டும்’ என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கும். தமிழ் படித்தவள் என்ற முறையில் அந்த வரியை ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பார்க்கிறேன். கண்ணியம் என்றால் என்ன என்று எங்கேயும் விளக்கம் கிடையாது. பளபளப்பு கூடாது, இறுக்கம் கூடாது, அடர்ந்த நிறம் கூடாது என்று கூடாதவைதான் வரும். ஏன் விளக்கம் இல்லை? படிக்கிறவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்று எழுதியவன் நினைக்கிறான். தெரிந்தவன் உள்ளே, கேட்கிறவன் வெளியே. எனக்கு எழுதப்பட்ட பிரதி அல்ல அது. ஜிகினா கூடாது என்று சொன்னால் என் அம்மாவின் ருசி கூடாது என்று அர்த்தம். அடர்ந்த மஞ்சளும் ரோஸும் கருத்த உடம்புக்கு ‘எடுக்காது’ என்று சொல்கிறவர்கள் சொல்வது எந்த நிறத்தைப் பற்றி?

நம் உடம்பின் மேல் என்ன துணி இருக்கலாம் என்று பட்டியல் போடுவது புதிதும் அல்ல. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக்கூடாது. பொன், வெள்ளி நகை கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறினவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். 1931 ஜூனில் எட்டு என்பது பதினொன்றாக வளர்ந்தது. அந்தப் பதினொன்றில் ஒன்று, ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளக்கூடாது என்பது.

துணியும் படிப்பும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். அதை எழுதியவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியாமல் போனது. படிப்பு பெரிய விஷயம், துணி சின்ன விஷயம் என்று நாமாகப் பிரித்துக்கொண்டோம். அன்றைக்குச் சட்டை போடாதே என்றார்கள், இன்றைக்கு இன்ன சட்டைதான் போடு என்கிறார்கள். பட்டியல் போடுகிற கை மட்டும் அதேதான்.

இந்த இடத்தில் நம் முற்போக்குத் தோழர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. கசங்கிய ஜிப்பா, ஜோல்னாப் பை, தாடி. எங்கே போனாலும் அதே கோலம். அவர்கள்தான் நம் பிள்ளைகளுக்கு ‘எளிமையாய் இரு’ என்று போதிக்கிறார்கள். நல்ல சட்டைக்கு ஆசைப்பட்டால் குட்டிமுதலாளித்துவ மனோபாவம் என்கிறார்கள். கசங்கிய ஜிப்பாவோடு போனாலும் அவர் ‘சார்’தான். அவர் கசங்கலுக்குப் பின்னால் ஒரு வீடு, ஒரு தெரு, ஒரு குடும்பப்பெயர் நிற்கிறது. நம் பையன் கசங்கிய சட்டையோடு போனால் ‘இதுக்குத்தான் இவங்கள...’ என்று தொடங்குவார்கள். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி தன் உடையை இடுப்புத்துணியாகக் குறைத்துக்கொண்டார். பத்து வருஷம்கூட ஆகவில்லை, அதே தென்மாவட்டத்தில் இடுப்புத்துணிக்கு மேல் போட்டதற்காக நம் வீடு எரிந்தது. குறைத்துக்கொள்வதற்கு முதலில் மேலே ஏதாவது இருக்கவேண்டும் இல்லையா? அம்பேத்கர் கோட்டும் சூட்டும் போட்டதை வெள்ளைக்காரன் பாணி என்று எழுதுகிற எழுத்தாளர்கள் இங்கே இன்னமும் உண்டு. சேரி முனையில் கூண்டுக்குள் நிற்கிற சிலையைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நீலக் கோட்டு, கையில் புத்தகம். 1931 பட்டியலில் தடை செய்த இரண்டும் அந்தச் சிலையில் இருக்கிறது. கூண்டு எதற்கு வந்தது என்று அப்புறம் பேசலாம்.

இப்படிச் சொல்வதால் நல்ல துணி போட்டால் போதும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சண்டை துணியோடு முடிவதில்லை. அந்த அறைக்குள் போடப்படும் மதிப்பெண்ணோடு இருக்கிறது.

தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி இடத்துக்கே ஒருகாலத்தில் நேர்முகம் இருந்தது, அதற்கு 75 மதிப்பெண். எதற்கெல்லாம் என்று பார்த்தால் விளையாட்டு, என்.சி.சி., பொதுத்திறன், நாட்டம் என்பவற்றோடு ‘உடல்நிலையும் தாங்கும் வலுவும்’ என்று ஒன்று. ஆளைப் பார்த்தே போடவேண்டிய மார்க்கு அது. அந்தத் தேர்வு முறை பெரியகருப்பன் வழக்கில் 1970இல் உச்சநீதிமன்றத்தில் அடிபட்டது. 1980இல் அஜய் ஹாசியா வழக்கு. ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரியில் எழுத்துக்கு 100, நேர்முகத்துக்கு 50. ஒரு மாணவனுக்கு இரண்டு மூன்று நிமிஷம், கேட்டதோ அப்பா யார், வீடு எங்கே என்று. மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை இதற்குக் கொடுப்பது தன்னிச்சையானது, 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றது நீதிமன்றம். காஷ்மீரத்துப் பையனைக் கேட்ட அதே கேள்வி பள்ளிப்பட்டுப் பெண்ணையும் கேட்கிறது.

ஜே.என்.யூ.வில் அப்துல் நஃபே குழு 2016இல் சேர்க்கை மதிப்பெண்களை எடுத்து அலசியது. எழுத்துத் தேர்வு மார்க்குக்கும் நேர்முக மார்க்குக்கும் இருந்த வித்தியாசத்தில் பாகுபாட்டின் தடம் தெரிகிறது என்று சொல்லி, நேர்முகத்தின் பங்கை 30லிருந்து 15 ஆகக் குறைக்கச் சொன்னது. அதே 2016இல் பல்கலைக்கழக மானியக் குழு என்ன செய்தது தெரியுமா? எம்.ஃபில்., பிஎச்.டி. சேர்க்கையில் எழுத்துத் தேர்வு தகுதிக்கு மட்டும், முடிவு செய்வது நேர்முகம் என்று விதி கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பிப் பிறகு அது மாறியது. 2022 விதிகளில் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30. 15 போதும் என்று குழு சொன்ன இடத்தில் 30 உட்கார்ந்திருக்கிறது.

சேலத்து முத்துக்கிருஷ்ணன் அப்பா காவலாளி. பலமுறை எழுதி, தோற்று, பணம் சேர்த்துச் சேர்த்து ரயிலேறிப்போய் ஜே.என்.யூ.வில் இடம் வாங்கியவர். நேர்முகத்தில் தன் மொழி எளிமையாக இருக்கிறது என்று தன்னிடம் சொல்லப்பட்டதை எழுதி வைத்திருக்கிறார். எளிமையாம்! நாம் எளிமையாக உடுத்தினால் மெச்சுகிறவர்கள் எளிமையாகப் பேசினால் மார்க்கு போடமாட்டார்கள். 2017 மார்ச்சில் அவர் தில்லியில் இறந்தார். சில நாள் முன்புதான், நேர்முகத்தில் சமத்துவம் இல்லை என்று வெளிப்படையாக எழுதியிருந்தார். அந்த வருஷமே நீட் தேர்வு வாசலில் நம் பிள்ளைகளின் முழுக்கைச் சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி அரைக்கையாக்கி உள்ளே அனுப்பினார்கள். ஷூ கூடாது, செருப்புதான். காப்பி அடிக்காமல் இருக்க என்றார்கள். ஒரு வாரம் அலைந்து வாங்கிய புதுச்சட்டையை வெட்டக் கொடுத்த பிள்ளை உள்ளே போய் என்ன எழுதும் என்று யோசித்தவர் யாருமில்லை.

ஆகவே 30 மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லிப் போராடவேண்டும், எழுத்து மார்க்கை மறைத்து வைத்துவிட்டு நேர்முகம் நடத்தக் கேட்கவேண்டும், நேர்முகக் குழுவில் நம்மவர் ஒருவர் உட்காரவேண்டும். இதெல்லாம் துண்டறிக்கை போட்டு நாம் கேட்டுக்கொண்டிருக்கிறவைதான், விட்டுவிடப் போவதில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நேர்முகம் வியாழக்கிழமை.

மறுநாள் போன் பண்ணி, நேற்றுச் சொன்னது தப்பு என்றேன். துணி முக்கியம்தான், அதற்குச் செலவழிக்கிற நேரம் வீண் நேரம் இல்லை, கேட்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றேன். என்னிடம் ஒரு நல்ல காட்டன் சேலை இருக்கிறது, கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

“வாணாங்க்கா. எரவல் சேலைன்னா அது மேலயே நெனப்பு இருக்கும். கற பட்டுடுமா, கிழிஞ்சிடுமான்னு. அம்மா தீபாவளிக்கு எடுத்த சுடிதார் கீது, ரோஸ் கலர். கொஞ்சம் கண்ணாடி வேல செஞ்சிருக்கும். அது போட்டாதாங்க்கா எனக்குப் பேச்சு வரும்.”

எனக்கு வாய் வரைக்கும் வந்தது, கண்ணாடி வேலை வேண்டாமே என்று. தோழி என்னிடம் சொன்ன அதே வாக்கியம். முழுங்கிக்கொண்டேன். ‘ஊரைக் கேட்பாங்க’ என்று மட்டும் சொன்னேன். ‘தறி இருக்கான்னு கேட்டாலும் கேட்பாங்க.’

“கேட்டா கேக்கட்டும். எங்க அப்பா செட்டுல தறி ஓட்றாரு, சொந்தத் தறி இல்ல, சேரிதான்னு நானே மொதல்ல சொல்லிட்டா அப்புறம் கேக்கறதுக்கு இன்னா இருக்குது?”

1893இல் தன் பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்த இரட்டைமலை சீனிவாசனைப் பற்றி அவளிடம் நான் பேசியது கிடையாது. அவளாகவே யோசித்து வைத்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் அவள் என்னிடம் கேட்டது அனுமதியா, யோசனையா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இரண்டும் இல்லாமல், இந்த அக்கா என்னதான் சொல்கிறாள் பார்ப்போம் என்றுகூடக் கேட்டிருக்கலாம்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் திருத்தணி போய் அங்கிருந்து ரயில் பிடித்தாள். பதினொரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்களாம். ரிசல்ட் இன்னும் வரவில்லை. என்ன கேட்டார்கள் என்று கேட்டேன். ஊர் கேட்டார்கள் என்றாள்.